கடற்கரையில் யாருக்கு இடம்?

ஜெர்மனியில் கடல் நீராடலுக்கென்றே எழுந்த முதல் ஊர், பால்டிக் கரையில் உள்ள ஹைலிகென்டாம். பிரபுக்கள் தொடங்கிய கோடை விடுமுறை எல்லோர் கைக்கும் வந்து சேர்ந்த கதையை அதன் வெள்ளை மாளிகைகள் சொல்கின்றன.

பாட் டோபரான் ஊரின் கடைத்தெருவில் மணியடித்தபடி நீராவி ரயில் ஒன்று வருகிறது. தெருவோ குறுகல். இருபுறமும் ரொட்டிக் கடைகள், துணிக் கடைகள், வாசலில் போட்ட காபி மேசைகள். நடுவே பதித்திருக்கும் தண்டவாளத்தில் கரிய எஞ்சின் மெல்ல ஊர்ந்து வர, நடந்து போகிறவர்களும் சைக்கிள்காரர்களும் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'மொல்லி'. 1886இல் ஓடத் தொடங்கிய இந்தக் குறும்பாதை ரயில் இன்றும் நிலக்கரிப் புகையோடு தினமும் ஓடுகிறது. ஊரைத் தாண்டியதும் லிண்டன் மரச்சாலையை ஒட்டியே சென்று ஹைலிகென்டாமில் நிற்கிறது. இறங்கிச் சில நிமிடம் நடந்தால் பீச் மரக் காட்டின் விளிம்பில் வரிசையாக வெள்ளைக் கட்டடங்கள், அவற்றுக்கு முன் அகன்ற புல்வெளி, அதற்கும் அப்பால் பால்டிக் கடல்.

இங்கே விடுமுறையைக் கழிப்பது மனத்துக்கு இதமான அனுபவம். அலை ஓங்காத கடல், இரவு ஒன்பதரை தாண்டியும் மங்காத கோடை வெளிச்சம், காட்டு நிழலில் நெடுந்தூரம் போகும் நடைபாதை. ஆனால் காட்சியோடு நின்றுவிட்டால் இந்தக் கரையைப் பாதிதான் பார்த்ததாகும். இங்கே உட்காரும் உரிமை ஒவ்வொரு காலத்திலும் யாருக்கோ கொடுக்கப்பட்டது, யாரிடமிருந்தோ பறிக்கப்பட்டது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு இந்த மணல் இன்னும் நெருக்கமாகிவிடும்.

மருந்தாக வந்த கடல்

ஐரோப்பியர்களுக்கு ஒரு காலத்தில் கடல் என்றால் பயம். மீனவருக்கும் மாலுமிக்கும் அது பிழைப்பு. மற்றவர்கள் அதில் கால் நனைக்கவும் யோசித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மருத்துவர்கள் அந்த எண்ணத்தை மாற்றினார்கள். ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் கடல்நீர் சுரப்பிக் கோளாறுகளைத் தீர்க்கும் என்று எழுத, பிரைட்டனும் மார்கேட்டும் நோயாளிகளால் நிரம்பின. நோயாளிகளுக்குப் பின்னால் பணக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள்.

மார்கேட்டை நேரில் பார்த்தவர் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் லிஷ்டென்பெர்க். ஜெர்மனியில் ஏன் இன்னும் பெரிய பொதுக் கடல் நீராடல் இடம் ஒன்றுகூட இல்லை என்று 1793இல் அவர் ஒரு கட்டுரையில் கேட்டார். அவர் மனத்தில் இருந்தது வடகடல். ஆனால் முந்திக்கொண்டது பால்டிக். அதே 1793இல் மெக்லென்பர்க்–ஷ்வெரீன் சிற்றரசின் கோமகன் முதலாம் ஃப்ரீட்ரிஷ் ஃப்ரான்ட்ஸ், தன் மருத்துவர் சாமுவேல் கோட்லீப் ஃபோகலின் அறிவுரைப்படி இங்கே கடலில் இறங்கினார். ஊரின் பிறந்த ஆண்டாக அதையே கொண்டாடுகிறார்கள்.

அதற்கு முன்பு இந்தக் கரையில் இருந்தது கூழாங்கற்களால் ஆன இயற்கை மேடு மட்டுமே. அதற்கும் ஒரு கதை உண்டு. கடல் பொங்கிவந்து டோபரான் மடத்தை விழுங்கப் பார்த்ததாம். துறவிகள் இரவெல்லாம் பிரார்த்தித்தார்களாம். விடிந்து பார்த்தால் கடலே கல்லைக் கொண்டுவந்து குவித்து அணை கட்டியிருந்ததாம். அந்த மடத்தின் செங்கல் தேவாலயம் 1368இல் திருநிலைப்படுத்தப்பட்டது. பாட் டோபரானில் இன்றும் வானளாவி நிற்கும் அதைப் பார்க்காமல் யாரும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை.

அந்நாளைய நீராடல் இன்றைய கடல் குளியலைப் போன்றதல்ல. மருத்துவர் சொன்ன நேரத்தில், சொன்ன நிமிடங்களுக்கு மட்டுமே இறங்க வேண்டும். சக்கரம் வைத்த மரக்கூண்டு ஒன்றுக்குள் ஏறி உடை மாற்றிக்கொள்வார்கள். கூண்டைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போவார்கள். கடலைப் பார்த்த பக்கத்துக் கதவைத் திறந்து, கரையில் நிற்பவர் கண்ணில் படாமல் படியிறங்கி முங்கி எழுவார்கள். ஆண்களுக்கு ஓரிடம், பெண்களுக்கு வேறிடம். குளிர் தாங்காதவர்களுக்குக் கடல்நீரைக் காய்ச்சித் தொட்டியில் நிரப்பித் தந்தார்கள்.

வெள்ளை நகரம்

மருந்துக்கு வந்தவர்கள் விருந்துக்குத் தங்கினார்கள். ஆரம்பத்தில் விருந்தினரின் தங்கல் டோபரானில்; நீராடல் மட்டும் ஹைலிகென்டாமில். இரண்டுக்கும் நடுவே குதிரை வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. மாலையில் டோபரானில் இசை, நாடகம், நடனம், சூதாட்ட மேசை. 1820களின் தொடக்கத்தில் இரண்டு ஊர்களுக்கும் இடையே குதிரைப் பந்தயத் திடல் ஒன்று உருவானது. ஐரோப்பியக் கண்டத்திலேயே மிகப் பழையது அதுதான். 1824 கோடையில் பதினைந்து வயது ஃபெலிக்ஸ் மெண்டல்சோன் தந்தையோடு டோபரானுக்கு வந்தார். கோமகனின் காற்றுக்கருவி இசைக்குழுவைக் கேட்டு, அதற்கென்றே ஒரு படைப்பை எழுதிக் கொடுத்தார். அது பின்னாளில் விரிவாகி, காற்றுக்கருவிகளுக்கான அவருடைய முகப்பிசையாக இன்றும் மேடையேறுகிறது.

இந்த ஊருக்கு முகம் கொடுத்தவர் கார்ல் தியோடோர் செவெரின் என்ற கட்டடக் கலைஞர். 1814க்கும் 1816க்கும் இடையே அவர் எழுப்பிய கூர்ஹவுஸ் என்னும் விருந்து மாளிகை, கிரேக்கக் கோயில்போலத் தூண்கள் தாங்க, கடலைப் பார்த்து நிற்கிறது. நீராடி நலம் பெற்றவரை இங்கே மகிழ்ச்சி வரவேற்கிறது என்று அதன் நெற்றியில் லத்தீன் மொழியில் பொறித்திருக்கிறார்கள். சிகிச்சையும் கேளிக்கையும் ஒரே வாசலில் கைகோத்ததை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அடுத்த அரை நூற்றாண்டில் அதன் இருபுறமும் மாளிகைகளும் வில்லாக்களும் எழுந்தன. எல்லாம் வெள்ளை. 'கடலோர வெள்ளை நகரம்' என்ற பெயர் நிலைத்தது.

அந்த வெள்ளைக்குள் நுழைய எல்லோராலும் முடியவில்லை. வந்தவர்கள் அரச குடும்பத்தினர், பிரபுக்கள், உயர் அதிகாரிகள், பெரும் வணிகர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அங்கே கிடைத்த இடம் வண்டி ஓட்டவும், தண்ணீர் காய்ச்சவும், படுக்கை விரிக்கவும், மீன் கொண்டுவந்து கொடுக்கவும்தான். கடலோரத்தில் பிறந்தவர்கள் கடலோர விடுமுறைக்கு வேலையாட்களாக ஆனார்கள்.

ரயிலும் பிரம்பு இருக்கையும்

நிலைமையை மாற்றியது ரயில். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பெர்லினிலிருந்து கடலோரத்துக்குப் பாதைகள் நீள, குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் குடும்பத்தோடு கிளம்பினார்கள். மீனவக் கிராமங்கள் விடுமுறை ஊர்களாயின. உசெடோம் தீவில் ஹெரிங்ஸ்டோர்ஃப், ஆல்பெக், பான்சின். ரூகன் தீவில் பின்ஸ். மரச் சித்திர வேலைப்பாடு கொண்ட பால்கனிகள், சிறு கோபுரங்கள், கடல் பார்த்த வராந்தாக்கள் என்று இந்த ஊர்களுக்கே உரிய கட்டடப் பாணி ஒன்று வளர்ந்தது. ஆல்பெக்கின் கடல் பாலமும் அதன் மேல் நிற்கும் வெள்ளை மண்டபமும் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் எழுந்தவை. ஜெர்மனியில் இன்று எஞ்சியிருக்கும் கடல் பாலங்களில் மூத்தது அதுவே.

இந்தக் கரையின் அடையாளமாகிவிட்ட ஒரு பொருளும் அந்தக் காலத்தில்தான் பிறந்தது. வாதநோயால் தவித்த மூதாட்டி ஒருவருக்குக் கடற்கரையில் உட்கார ஆசை. காற்றும் வெயிலும் படாமல் அமர ஓர் இருக்கை வேண்டும் என்று ரோஸ்டாக் நகரின் பிரம்பு வேலைக்காரர் வில்ஹெல்ம் பார்டெல்மானிடம் கேட்டார். 1882இல் அவர் பின்னிக் கொடுத்த அந்த மூடிய இருக்கைதான் முதல் 'ஸ்ட்ராண்ட்கோர்ப்'. பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கத் தொடங்க, மறு ஆண்டே அவருடைய மனைவி வார்னெமுண்டே கலங்கரை விளக்கத்துக்கு அருகே அவற்றை வாடகைக்கு விட ஆரம்பித்தார்.

இன்று பால்டிக் கரை நெடுகிலும் இவை ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. இருவர் அமரலாம். முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம், காலுக்குப் பலகையை இழுத்துக்கொள்ளலாம், பக்கவாட்டில் மடக்கு மேசையை விரித்துக்கொள்ளலாம். காற்று திசை மாறினால் இருக்கையையே திருப்பிவிடலாம். வடகடல் பக்கத்து இருக்கைகள் நேர்க்கோட்டு வடிவத்தில் விறைப்பாக இருக்கும். பால்டிக் பக்கத்தவை வளைந்து உருண்டிருக்கும். ஊதைக் காற்று வீசும் நாளில் இதற்குள் போர்வையோடு சுருண்டு உட்கார்ந்து புத்தகம் படிப்பது இங்குள்ளவர்களுக்குப் பெரிய சுகம்.

சாத்தப்பட்ட கதவுகள்

கூட்டம் பெருகியபோது இன்னொன்றும் பெருகியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே பல கடலோர ஊர்கள் யூதர்களை வரவிடுவதில்லை என்று வெளிப்படையாகப் பெருமை பேசின. வடகடலில் போர்க்கும் தீவும், பால்டிக்கில் சின்னோவிட்ஸும் இதில் பேர் போனவை. சின்னோவிட்ஸில் விருந்தினர்கள் கூடிப் பாடுவதற்கென்றே யூத வெறுப்புப் பாட்டு ஒன்று இருந்தது. ஜெர்மன் யூதர்களின் மைய அமைப்பு, எந்தெந்த ஊருக்கு, எந்தெந்த ஓட்டலுக்குப் போகக் கூடாது என்று ஆண்டுதோறும் பட்டியல் வெளியிட வேண்டியிருந்தது. விடுமுறைக்குப் பெட்டி கட்டும் குடும்பம், எங்கே அவமானம் நேராது என்று முதலில் பட்டியலைப் பார்த்தாக வேண்டும். நாஜிகள் ஆட்சிக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இருந்த நிலை இது. ஹெரிங்ஸ்டோர்ஃப் போன்ற சில ஊர்கள் பெர்லின் யூதக் குடும்பங்களுக்குப் பிடித்த இடங்களாக இருந்தன. 1933க்குப் பிறகு அந்தக் கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

யூதர்களை விரட்டிய அதே ஆட்சி, 'நம் மக்களுக்கு' என்று சொல்லி ரூகன் தீவில் புரோராவைக் கட்டியது. ஒரே அச்சில் வார்த்த எட்டுக் கட்டடங்கள், கரையோரமாக ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர் நீளம், ஒரே நேரத்தில் 20,000 பேர் தங்கும் திட்டம். 1936இல் அடிக்கல் நட்டார்கள். 1939இல் போர் மூண்டதும் வேலை நின்றது. திட்டமிட்டபடி ஒரு விடுமுறையாளர்கூட அங்கே தங்கவில்லை. பின்னாளில் ராணுவ முகாமாக இருந்த அந்தச் சுவர்களுக்குள் இன்று அடுக்குமாடி வீடுகளும் இளைஞர் விடுதியும் இயங்குகின்றன. கட்டடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க ஒரு மணி நேரம் ஆகும். மனிதனை எண்ணிக்கையாகப் பார்த்த அரசு விடுமுறையை எப்படிக் கற்பனை செய்தது என்பது அந்த ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும்.

தொழிற்சங்கச் சீட்டும் கண்காணிப்புக் கோபுரமும்

போருக்குப் பின் இந்தக் கரை சோவியத் பகுதிக்குள் வந்தது. பிறகு கிழக்கு ஜெர்மனி ஆனது. ஹைலிகென்டாமின் மாளிகைகள் உழைக்கும் மக்களுக்கான சிகிச்சை இல்லமாயின. கோமகன்கள் நடனமாடிய கூடத்தின் நிழலில் சுரங்கத் தொழிலாளியும் நெசவாலைப் பெண்ணும் இளைப்பாறினார்கள். தொழிற்சங்கத்தின் விடுமுறைப் பிரிவு, வேலையிடங்கள் வழியாக மலிவு விலையில் இடம் ஒதுக்கியது. அந்தச் சீட்டு கிடைத்த வீட்டில் அன்று திருவிழாதான். கடலையே பார்த்திராத லட்சக்கணக்கான குடும்பங்கள் முதன்முதலாகக் கடலைப் பார்த்தன. இதை யாரும் சிறுமைப்படுத்தக் கூடாது.

ஆனால் அந்த இடம் எப்படி வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1953 பிப்ரவரியில் 'ரோஜா நடவடிக்கை' என்ற பெயரில் காவல்துறை பால்டிக் கரையின் ஓட்டல்களிலும் விடுதிகளிலும் சோதனை நடத்தியது. பொருளாதாரக் குற்றம் என்று சொல்லி 400க்கும் மேற்பட்ட ஓட்டல்களும் விடுதிகளும் பறிமுதல் செய்யப்பட்டன, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். தலைமுறைகளாக விடுதி நடத்திய குடும்பங்கள் சிறைக்கோ மேற்கு ஜெர்மனிக்கோ போக, அவர்கள் வீட்டில் தொழிற்சங்க விருந்தினர்கள் தங்கினார்கள். ஒருவருக்குக் கிடைத்த கோடை, இன்னொருவரிடமிருந்து பறித்ததாக இருந்தது.

கடலே எல்லைக்கோடும் ஆனது. இரவில் தேடு விளக்குகள் நீரைத் துழாவின. படகுக்கும் காற்றடைத்த மெத்தைக்கும் கட்டுப்பாடு. ஆண்டுகள் செல்லச் செல்ல 5,000க்கும் மேற்பட்டோர் இந்தக் கடல் வழியே தப்ப முயன்றார்கள். பெரும்பாலோர் பிடிபட்டார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1971இல் ஓர் இளம் மருத்துவர் பக்கத்து ஊரான கூலுங்ஸ்போர்ன் கரையில் இறங்கி, சுமார் 45 கிலோமீட்டர் நீந்தி மேற்கு ஜெர்மனியின் ஃபேமார்ன் தீவை எட்டினார். கூலுங்ஸ்போர்னின் கடலோர நடைபாதையில் அந்தக் காலத்துக் கண்காணிப்புக் கோபுரம் ஒன்றை நினைவுச் சின்னமாகக் காத்துவருகிறார்கள். பனிக்கூழ் கையோடு உலாவுகிற குழந்தைகள் அண்ணாந்து பார்த்து 'இது என்ன?' என்று கேட்க, பெற்றோர் நின்று விளக்குகிறார்கள். ஓர் ஊர் தன் வரலாற்றோடு வாழ இதைவிட நல்ல வழி இல்லை.

வேலிக்கு உள்ளும் வெளியும்

1990இல் ஜெர்மனி ஒன்றானது. பழுதுபட்டுக் கிடந்த வெள்ளை நகரத்தைத் தனியார் வாங்கிப் புதுப்பித்தார்கள். 2003இல் கூர்ஹவுஸும் அதைச் சுற்றிய மாளிகைகளும் சொகுசு ஓட்டலாகத் திறக்கப்பட்டன. சுவர்கள் மீண்டும் வெளுத்தன. கூடவே வேலியும் வந்தது. பிறந்ததிலிருந்து நடந்த பாதையில் இனி நடக்கக் கூடாதா என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். அந்தத் தகராறு ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

2007 ஜூன் 6 முதல் 8 வரை ஜி-8 உச்சிமாநாடு இங்கே நடந்தது. ஊரைச் சுற்றி ஏறத்தாழ 12 கிலோமீட்டருக்கு எஃகு வேலி எழுந்தது. பல்லாயிரம் போராட்டக்காரர்கள் வயல்கள் வழியே நடந்து வேலியை நெருங்கினார்கள். உள்ளே, மெர்க்கெல், புஷ், புதின், பிளேர், சார்கோசி ஆகியோர் மற்றத் தலைவர்களோடு ஒரு பிரம்மாண்ட ஸ்ட்ராண்ட்கோர்ப்பில் வரிசையாக அமர்ந்து படமெடுத்துக்கொண்டார்கள். அழைப்பின் பேரில் வந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பிரதமர் மன்மோகன் சிங் கலந்துகொண்டார். வாதநோயாளி ஒருவரின் ஆசைக்காகப் பிறந்த இருக்கை, உலக அதிகாரத்தின் குழுப்படத்துக்கு மேடையானது. மாநாடு முடிந்ததும் வேலியைக் கழற்றி எடுத்தார்கள். யாருக்கு உள்ளே இடம் என்ற கேள்வியைக் கழற்ற முடியவில்லை.

போகிறவர்களுக்கு

பெர்லினிலிருந்தோ ஹாம்பர்கிலிருந்தோ ரயிலில் ரோஸ்டாக் போகலாம். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணிக்குள் பாட் டோபரான். பிறகு மொல்லி. ஹைலிகென்டாமில் தங்குவது செலவான காரியம். டோபரானிலோ கூலுங்ஸ்போர்னிலோ சிக்கன விடுதி எடுத்துக்கொண்டு மொல்லியில் வந்து போவது சரியான வழி.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கடல்நீர் 17 முதல் 20 டிகிரி வரை இருக்கும். இறங்கியதும் உடம்பு சிலிர்க்கும். சில நிமிடங்களில் பழகிவிடும். உப்பு, பெருங்கடலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஏற்றவற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவு. ஹைலிகென்டாம் கரையில் கூழாங்கல் நிறைய உண்டு; குழந்தைகள் மணலில் விளையாட வேண்டுமென்றால் கூலுங்ஸ்போர்னும் வார்னெமுண்டேவும் ஏற்றவை. சிவப்பு–மஞ்சள் கொடி பறந்தால் உயிர்க்காப்பாளர் பணியில் இருக்கிறார் என்று பொருள். சிவப்புக் கொடி மட்டும் பறந்தால் இறங்கவே கூடாது. அலையை மட்டுப்படுத்த நட்டிருக்கும் மரக்கம்ப வரிசைகளுக்கு அருகே நீந்தாதீர்கள்.

பல கரைகளில் ஆடையின்றிக் குளிப்பதற்குத் தனிப் பகுதி உண்டு. அறிவிப்புப் பலகையில் மூன்றெழுத்தில் குறித்திருப்பார்கள். கிழக்கு ஜெர்மனி 1954இல் அதைத் தடை செய்து பார்த்தது. மக்கள் கேட்கவில்லை, இரண்டே ஆண்டில் அரசு இறங்கிவந்தது. அங்கே யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. படம் எடுப்பது பெரும் பிழை.

சாப்பாட்டுக்குத் துறைமுகப் படகிலேயே விற்கும் மீன் ரொட்டி இருக்கிறது. புளிக்காடியில் ஊறிய ஹெரிங் மீன், வட்டமாக அரிந்த வெங்காயம், மொறுமொறுப்பான சிறு ரொட்டி. கையில் பிடித்திருக்கும்போதே கடற்காகம் பறித்துக்கொண்டு போய்விடும், கவனம். கரையோரப் புதர்களில் காய்க்கும் ஆரஞ்சு நிறச் சிறு பழமான சான்டோர்னின் சாறு, நாக்கைக் கூசவைக்கும் புளிப்பு. குளிருக்குச் சூடாக்கிக் குடிப்பார்கள்.

புயலடித்த மறுநாள் காலையில் அம்பர் கல் தேடிக் குனிந்தபடி பலர் நடப்பதைப் பார்க்கலாம். நீங்களும் தேடலாம். ஆனால் எடுத்ததைச் சட்டைப் பையில் போடாதீர்கள். உசெடோம் பக்கத்தில் இரண்டாம் உலகப் போர்க் குண்டுகளின் வெள்ளைப் பாஸ்பரஸ் கரையொதுங்குவதுண்டு. பார்க்க அம்பர் போலவே இருக்கும் அது, உலர்ந்ததும் தீப்பற்றிக்கொள்ளும். உலோகப் பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

நாள் மிச்சமிருந்தால் உசெடோம் தீவுக்குப் போய், பான்சினிலிருந்து கிழக்கே நடக்கத் தொடங்குங்கள். ஹெரிங்ஸ்டோர்ஃப், ஆல்பெக் தாண்டி அதே நடைபாதை போலந்தின் ஸ்வினோஉய்ஷ்சேவுக்குள் போய்விடுகிறது. முன்பு கம்பிவேலி மறித்த இடம் அது. 2007 டிசம்பரில் போலந்து ஷெங்கன் பகுதியில் சேர்ந்த பின் மக்கள் தடையின்றி இரு பக்கமும் நடந்து போய்வரத் தொடங்கினார்கள்.

பாதை திறந்திருக்கட்டும்

இந்த ஊர்களில் தங்கும் ஒவ்வொருவரிடமும் நாளொன்றுக்குச் சிறு தொகை வரியாக வாங்குகிறார்கள். கரையைக் கூட்டுவதற்கும், பூங்காவைப் பராமரிப்பதற்கும், பொது நிகழ்ச்சிகளுக்கும் அந்தப் பணம் போகிறது. சிலர் முணுமுணுப்பார்கள். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. கரையை மக்களே தங்கள் காசில் பேணும் வரை, கரை எங்களுடையது என்று மக்களால் சொல்ல முடியும்.

கோமகன் மாளிகை கட்டினார். வெறுப்பு கதவைச் சாத்தியது. ஓர் அரசு சீட்டு கொடுத்து, அதே கையால் கடலைப் பூட்டியது. பணம் வேலி போட்டது. ஒவ்வொரு முறையும் கரையைத் தனதாக்கியவர்கள் போய்விட்டார்கள். கரையில் உட்கார ஆசைப்பட்டவர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஒரு கடலோர ஊரின் உயர்வை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: காசு குறைந்தவரும், அயலாரும், வேறு மதத்தவரும் துண்டு ஒன்றை விரித்து, யாரையும் கேட்காமல் அங்கே படுத்துக்கொள்ள முடிகிறதா? இன்றைய ஹைலிகென்டாமில் முடிகிறது. நாளையும் முடிய வேண்டுமானால், மாளிகைகளுக்கு வெள்ளையடிப்பதில் காட்டும் அக்கறையைக் கடலுக்குப் போகும் பொதுப் பாதைகளைக் காப்பதிலும் காட்டியாக வேண்டும்.